விடுதி மாணவனுக்கு ஓட்டு எந்த ஊரில்?

தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் நம் கடைவீதிகளில் ஒரு கணக்கு ஆரம்பமாகிவிடும். இந்தத் தொகுதியில் சமுதாயத்தின் ஓட்டு எத்தனை ஆயிரம்? போன தடவை யாருக்குப் போனது? இந்தத் தடவை யாருக்குப் போகும்? தேநீர்க் கடையிலும், ஜவுளிக்கடைக் கல்லாவிலும், மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையிலும் இந்தக் கணக்கு ஓயாமல் ஓடும். இத்தனை கணக்குப் பார்ப்பவர்கள் ஒரு கேள்வியை மட்டும் கேட்பதே இல்லை. வெளியூர் விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளையின் பெயர் எந்த ஊர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது?

பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் கிடையாது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் தெரியும். விடுதிச் சாப்பாட்டுக் கட்டணம் தெரியும். எந்தப் பாடத்தில் அரியர் வைத்திருக்கிறான் என்பதுகூடத் தெரியும். 18 வயது முடிந்து ஓராண்டாகியும் அவன் பெயர் பட்டியலில் ஏறியதா என்பது மட்டும் தெரியாது. சமுதாயத்தின் படித்த தலைமுறை, ஓட்டுச் சீட்டில்லாத தலைமுறையாக வளர்ந்து கொண்டிருக்கிறது. இது யாரோ செய்த சதியல்ல. நம் அலட்சியம்!

18 வயது உரிமை சும்மா வந்ததா?

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950ல் வாக்களிக்கும் வயது 21. கல்லூரிப் படிப்பை முடித்து வெளியே வந்த பிறகுதான் ஒருவன் வாக்காளன் ஆக முடியும் என்பதே அன்றைய நிலை. 1965ல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தமிழகக் கல்லூரிகள் கொதித்தெழுந்தபோது களத்தில் நின்ற மாணவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்ததும் அந்தப் போராட்டத்தில்தான். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், விருதுநகர் தொகுதியில் பெருந்தலைவர் காமராசரை மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசன் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஆட்சியும் மாறியது.

அந்த முடிவு சரியா தவறா என்பது வேறு விவாதம். கவனிக்க வேண்டியது இதுதான். தனக்கு ஓட்டில்லாத நிலையிலும் அன்றைய மாணவன் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டான். இன்றைய மாணவனிடம் ஓட்டுரிமை இருக்கிறது. அதை எழுதிப் பதிவு செய்து கொள்ளத்தான் அவனுக்கு நேரமில்லை!

அரசியல் சட்டத்தின் 61வது திருத்தம் 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 18 ஆகக் குறைந்தது. 1989 ஜனவரியில் நடந்த தமிழகச் சட்டமன்றத் தேர்தலில் ஓட்டுப் போட முடியாத 18 வயது இளைஞன், அதே ஆண்டு நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டான். கல்லூரி வளாகம் அன்றுதான் வாக்காளர்கள் வாழும் இடமாக மாறியது.

இரண்டு ஊருக்கும் இல்லாதவன்

ஆனால் சட்டம் கொடுத்ததை நடைமுறை பறித்து விடுகிறது. ராமநாதபுரம் மாவட்டத்து மாணவன் ஒருவன் சென்னையில் பொறியியல் படிக்கிறான் என்று வைத்துக் கொள்வோம். ஊருக்கும் கல்லூரிக்கும் இடையே 500 கிலோ மீட்டருக்கு மேல் தூரம். 2024 மக்களவைத் தேர்தலில் தமிழகத்தில் வாக்குப்பதிவு நடந்த நாள் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை. கல்லூரிகளில் பருவத் தேர்வு நெருங்கும் காலம். பேருந்திலும் ரயிலிலும் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. போக வரச் செலவு வேறு. 'ஒரு ஓட்டுக்காக இவ்வளவு தூரமா?' என்று அவன் அறையிலேயே தங்கி விட்டால் நாம் ஆச்சரியப்பட முடியுமா?

தபால் ஓட்டும் அவனுக்கு இல்லை. படைவீரர்கள், தேர்தல் பணியில் உள்ளோர், 85 வயது கடந்த முதியோர், மாற்றுத் திறனாளிகள் போன்ற சில பிரிவினருக்கே அந்த வசதி. மாணவர்கள் அதில் சேரவில்லை. உள்நாட்டில் இடம் பெயர்ந்து வாழ்வோர் இருந்த இடத்திலிருந்தே ஓட்டுப் போட ஓர் இயந்திரம் தயாரித்திருப்பதாக 2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் அறிவித்தது. 2024 தேர்தலில் அது பயன்பாட்டுக்கு வரவில்லை.

இதைவிடப் பெரிய ஆபத்து பெயரே காணாமல் போவது. 2025 நவம்பர் 4ல் தமிழகத்தில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்து, நிரப்பி வாங்கினார்கள். டிசம்பர் 19ல் வெளிவந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை! இறந்தவர்களும் இரட்டைப் பதிவுகளும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி 'இடம் பெயர்ந்தவர்', 'முகவரியில் இல்லாதவர்' என்ற கணக்கில் போனவை. பின்னர் மனுக் கொடுத்துச் சேர்ந்தவர்கள் பலர். மனுவே கொடுக்காதவர்கள்?

'இந்த வீட்டில் இவர் இருக்கிறாரா?' என்று அலுவலர் கேட்கும்போது, 'இல்லை, வெளியூரில் படிக்கிறான்' என்று வெள்ளந்தியாகச் சொல்லி விட்டுக் கதவைச் சாத்திய வீடுகள் எத்தனையோ? வீட்டிலிருக்கும் வயது வந்த ஒருவரே அவனுக்காகப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கலாம் என்பதுகூடப் பலருக்குத் தெரியவில்லை. ஊர்ப் பட்டியலில் 'இங்கே இல்லை' என்று அடிபட்டவன், படிக்கும் ஊரிலும் பெயர் சேர்க்காமல் இருந்தால் அவன் நிலை என்ன? இரண்டு ஊரில் வாழ்கிறவன், எந்த ஊருக்கும் வாக்காளன் இல்லை!

சட்டம் என்ன சொல்கிறது?

விடுதி மாணவனுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கொள்ளும் உரிமையைத் தேர்தல் ஆணையம் தந்திருக்கிறது. பெற்றோர் வசிக்கும் சொந்த ஊரிலேயே பெயரை வைத்துக் கொள்ளலாம். அல்லது படிக்கும் ஊரில், விடுதி முகவரியிலேயே சேர்ந்து கொள்ளலாம். படிப்பு அங்கீகாரம் பெற்றதாகவும் ஓராண்டுக்குக் குறையாததாகவும் இருக்க வேண்டும். விடுதி முகவரியில் சேர விரும்பினால், 'இவர் எங்கள் மாணவர், இந்த விடுதியில் தங்கியிருக்கிறார்' என்று கல்லூரி முதல்வரோ பதிவாளரோ தரும் சான்றிதழை இணைக்க வேண்டும். அவ்வளவுதான்!

புதிதாகப் பெயர் சேர்ப்பவருக்குப் படிவம் 6. ஏற்கெனவே ஊரில் பெயர் இருந்து, படிக்கும் ஊருக்கு மாற்றிக் கொள்பவருக்குப் படிவம் 8. இந்த வேறுபாடு முக்கியம். ஊரில் பெயர் இருப்பதை மறைத்து இங்கே படிவம் 6 கொடுத்தால் அது பொய் உறுதிமொழி. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31வது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இரண்டு ஊரிலும் பெயர் வைத்திருப்பது கெட்டிக்காரத்தனமல்ல. விரோதிகளின் கையில் நாமே எடுத்துக் கொடுக்கும் ஆயுதம்!

முன்பெல்லாம் ஜனவரி 1 அன்று 18 வயது நிரம்பியிருந்தால்தான் அந்த ஆண்டுப் பட்டியலில் சேர முடியும். ஜனவரி 2ல் பிறந்தவன் ஓராண்டு காத்திருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் இது மாறியது. ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். 17 வயது முடிந்தவர்களே முன்கூட்டி மனுக் கொடுத்து வைக்கலாம். கல்லூரியில் முதலாண்டு சேரும் மாணவன், சேர்க்கைப் படிவத்தோடு சேர்த்து இதையும் எழுதிவிட முடியும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். வேட்பு மனுத் தாக்கலுக்கான கடைசி நாள் முடிந்து விட்டால், அந்தத் தேர்தலுக்கு ஒரு பெயரைக்கூடப் பட்டியலில் சேர்க்க முடியாது. சுவரொட்டி ஒட்டிய பிறகு ஓடிப் பயனில்லை!

டெக்ஸாஸ் மாணவர்கள் நடந்த 7 மைல்

நமக்கு ஒரு முதல்வரின் கையெழுத்தில் கிடைக்கும் இந்த உரிமைக்காக, உலகின் இன்னொரு மூலையில் ஒரு கல்லூரி மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், வாலர் மாவட்டத்தில், ப்ரெய்ரி வியூ என்ற சிற்றூர் இருக்கிறது. 1876ல் கறுப்பின மக்களுக்காக ஏற்படுத்தப்பட்ட கல்லூரி அங்கே பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கிறது. 1971ல் அமெரிக்காவில் வாக்களிக்கும் வயது 18 ஆனதும் இம்மாணவர்கள் படிக்கும் ஊரிலேயே பெயர் பதியப் போனார்கள். வாக்காளர் பதிவுக்குப் பொறுப்பான சிம் என்ற அதிகாரி ஒரு கேள்வித்தாளை நீட்டினார். உனக்கு இந்த மாவட்டத்தில் சொத்து இருக்கிறதா? படிப்பு முடிந்த பின் இங்கேயே இருப்பாயா? மாணவனிடம் சொத்துக்கு எங்கே போவது? பெயர்கள் மறுக்கப்பட்டன. மத்திய அரசே வழக்குத் தொடுத்தது. மாணவர்களுக்கு மட்டும் இப்படித் தனிக் கேள்வி கேட்பது செல்லாது என்ற தீர்ப்பை 1979 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதோடு முடிந்ததா? இல்லை. 2003ன் இறுதியில் அதே மாவட்டத்தின் அரசு வழக்கறிஞர், இங்கே படிப்பதாலேயே இவ்வூர் வாக்காளர் ஆகிவிட முடியாது என்று கிளப்பி, வழக்குப் போடுவதாக மிரட்டினார். 2004ல் மாணவர்கள் நீதிமன்றம் போனார்கள், தெருவிலும் இறங்கினார்கள். அவர் பின்வாங்கினார். 2008ல் முன்கூட்டியே வாக்களிக்கும் இடம் வளாகத்துக்கு எட்டாத தூரத்தில், ஹெம்ப்ஸ்டெட் நகரில் வைக்கப்பட்டது. மாணவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கல்லூரியிலிருந்து சுமார் 7 மைல் தூரம் திரளாக நடந்தே போய் ஓட்டுப் போட்டார்கள்!

சிறுபான்மையாக வாழும் ஒரு மக்களின் பிள்ளைகள் அவர்கள். உரிமை ஏட்டில் இருந்தால் போதாது, காலால் நடந்து போய் அதை எடுத்துக் கொள்ள வேண்டும் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் மாணவன் 7 மைல் நடக்க வேண்டியதில்லை. விடுதி அலுவலகம் வரை நடந்தால் போதும்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுப்பது?

இங்கேதான் நம்மிடையே கருத்து வேறுபாடு. 'பிள்ளைகளின் ஓட்டு ஊரில்தான் இருக்க வேண்டும். சிதறினால் நம் பலம் சிதறும்' என்று பெரியவர்கள் பலர் சொல்கிறார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊராட்சி, பேரூராட்சி வார்டுகளில் பத்து ஓட்டுக்கூட முடிவை மாற்றி விடும். அரசியல் சட்டப்படி கிராம சபை என்பதே அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்களின் சபை. பெயரை மாற்றிக் கொண்டவன் அந்தச் சபையில் உறுப்பினனாக இருக்க முடியாது.

ஆனால் பட்டியலில் இருந்து பெட்டிக்குப் போகாத ஓட்டு எப்படிப் பலமாகும்? அது ஏட்டுச் சுரைக்காய்! எனவே அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: வாக்குப்பதிவு நாளில் உங்கள் கால் எந்த ஊர் மண்ணில் நிற்கும்? இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊர் போய்ச் சேரும் மாணவன் ஊரிலேயே பெயரை வைத்துக் கொள்ளட்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் போகட்டும். இரவெல்லாம் பயணம் செய்ய வேண்டிய தூரத்தில் மூன்று, நான்கு ஆண்டுகள் தங்கிப் படிப்பவன் தயங்காமல் விடுதி முகவரியில் சேரட்டும். படிப்பு முடிந்ததும் படிவம் 8 கொடுத்துத் திரும்பி வரட்டும்.

படிக்கும் ஊரும் அவன் ஊர்தான். அங்குள்ள குடிநீர், சாலை, பேருந்து, தெருவிளக்கு எல்லாம் அவன் வாழ்வைத் தொடுகின்றன. ஒரு விடுதியில் 300 மாணவர்கள் வாக்காளர்களாக இருந்தால், கல்லூரி வாசலில் பேருந்து நிற்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு வார்டு உறுப்பினர் காது கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

சில நூறு ஓட்டால் என்ன ஆகும் என்பவர்களுக்கு: 2021 சட்டமன்றத் தேர்தலில் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. 2016ல் ராதாபுரத்தில் 49. 2008ல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில்! ஒரு விடுதியின் ஒரு மாடியில் இருக்கிற மாணவர்கள் போதும், ஒரு சட்டமன்ற உறுப்பினரைத் தீர்மானிக்க.

பெயரில் ஓர் எழுத்து

நம் சமுதாயத்துக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பள்ளிச் சான்றிதழில் முகமது. ஆதாரில் முஹம்மது. வாக்காளர் பட்டியலில் முகம்மது. தகப்பனார் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் மற்றொன்றில் முழுப் பெயராகவும் இருக்கும். சரிபார்ப்பு என்று வரும்போது இந்த ஓரெழுத்து வித்தியாசமே ஆளைத் தெருவில் நிறுத்தும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே வாக்காளர் பட்டியலிலும் இருக்குமாறு இப்போதே படிவம் 8 மூலம் திருத்திக் கொள்ளுங்கள்.

வாக்குச்சாவடிக்குக் கல்லூரி அடையாள அட்டையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். 2024 தேர்தலில் வாக்காளர் அட்டைக்கு மாற்றாக ஏற்கப்பட்ட ஆவணங்களில் அது இல்லை. ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் அட்டை ஆகியவை இருந்தன. எந்த ஆவணம் கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையேல் ஓட்டு இல்லை.

மாணவியரைப் பற்றி ஒரு வார்த்தை. பையனுக்காவது யாராவது ஞாபகப்படுத்துகிறார்கள். பெண் பிள்ளைக்கு, 'கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக் கொள்ளலாம்' என்று தள்ளிப் போடும் வீடுகள் நம்மிடையே நிறைய. 18 வயதில் கிடைத்த உரிமையை 23 வயது வரை ஏன் பூட்டி வைக்க வேண்டும்? கல்யாணம் ஆகி வேறு ஊர் போனால் முகவரி மாற்ற ஒரு படிவம் போதும். பட்டம் பெறும் நம் சகோதரி, ஓட்டுரிமை இல்லாமல் பட்டமளிப்பு மேடை ஏறுவது சமுதாயத்துக்கே குறை.

வணிகப் பெருமக்களுக்கு

இந்த வேலையில் உங்கள் பங்கு பெரியது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919ல் தொடங்கியது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியை 1951ல் ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் தொடங்கினார்கள். இப்படித் தமிழகமெங்கும் வணிகர்கள் அள்ளிக் கொடுத்த பொருளால் எழுந்த கல்லூரிகள் நமக்கு உண்டு. அவற்றின் நிர்வாகக் குழுக்களில் இன்றும் உங்களில் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். விடுதிச் சான்றிதழை அலைய விடாமல் ஒரே நாளில் கொடுக்கச் சொல்வதும், சேர்க்கைக் காலத்தில் ஒரு மேசை போட்டுப் படிவம் நிரப்ப ஏற்பாடு செய்வதும் உங்கள் ஒரு வார்த்தையில் நடக்கும். கல்லூரிகளில் வாக்காளர் கல்விக் குழுக்கள் அமைக்க 2018லேயே தேர்தல் ஆணையம் திட்டம் தந்திருக்கிறது. உங்கள் கல்லூரியில் அந்தக் குழு இருக்கிறதா, இயங்குகிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள்.

உங்கள் கடையில் பகுதி நேரம் வேலை பார்த்துக் கொண்டே படிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள். வாக்குப்பதிவு நாளில் வாக்காளரான பணியாளருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்பது சட்டம். சட்டத்துக்காக மட்டுமல்ல, மனமுவந்து கொடுங்கள். ஊருக்குப் போய் வரும் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்தால் அது செலவல்ல. ஆனால், 'இன்னாருக்குப் போடு' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். அவன் ஓட்டு அவன் மனசாட்சிக்கு உரியது.

ஜமாஅத்துகள் ஜும்ஆவுக்குப் பின் அரை மணி நேரம், கையில் பட்டியலோடு இரண்டு மாணவர்களை உட்கார வைக்கலாம். பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது மட்டுமே அவர்கள் வேலை. கட்சிப் பேச்சோ வேட்பாளர் பேச்சோ அங்கே வேண்டாம்.

ஓட்டோடு முடிந்ததா?

மாணவச் சகோதரர்களே! ஐந்தாண்டுக்கு ஒரு நாள் விரலில் மை வைத்துக் கொள்வது மட்டும் குடிமகனின் கடமையல்ல. தமிழகத்தில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றில் பாதிக்கு மேல் விடுமுறை நாட்கள். ஊரில் பெயருள்ளவர்கள் அன்று போய் உட்காருங்கள். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். சாக்கடைக்கு ஒதுக்கிய பணம் எங்கே என்று தெரிய வேண்டுமா? 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டியது அலுவலரின் கடமை.

கல்லூரிக்குள்ளும் இந்தப் பயிற்சி தேவை. மாணவர் பேரவைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று லிங்டோ குழு வகுத்த நெறிமுறைகளை 2006ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, வருகைப் பதிவு 75 சதவீதம் இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் கட்டுப்பாடு உண்டு. ஆனாலும் நம் பக்கத்துக் கல்லூரிகள் பலவற்றில் தேர்தலே நடப்பதில்லை. கலவரம் வரும் என்ற பயம் ஒரு காரணம். கலவரம் வேண்டாம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. நெறிமுறைப்படி நடத்துங்கள் என்று முதல்வரிடம் அமைதியாக மனுக் கொடுப்பதில் என்ன தவறு?

21 வயதில் ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் போட்டியிடும் தகுதியே வந்து விடுகிறது. பட்டம் வாங்கிய கையோடு வார்டு உறுப்பினராக நிற்கலாம். ஆனால் நிற்பதற்கும் முதல் நிபந்தனை, வாக்காளர் பட்டியலில் பெயர்!

ஆகவே, இந்த இதழைக் கீழே வைத்ததும் மூன்று காரியம் செய்யுங்கள். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று தேர்தல் ஆணைய இணையத்திலோ, 1950 என்ற தொலைபேசி எண்ணிலோ இன்றே பாருங்கள். இல்லையென்றால் எந்த ஊர் என்று முடிவு செய்து நாளையே படிவம் கொடுங்கள். உங்கள் அறையில் உடன் தங்கியிருப்பவர் எந்தச் சமூகத்தவராக இருந்தாலும், அவருடைய பெயரையும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு விடுதி அறையில் மூன்று பேர், ஒரு தளத்தில் இருபது அறை. அடுத்த தேர்தல் அறிவிப்பு வருவதற்குள் உங்கள் விடுதியில் பெயரில்லாத மாணவன் ஒருவன்கூட இல்லை என்ற நிலையை ஏற்படுத்துங்கள்.